21 அடியா, 25 அடியா? பின்னால் காரும் வேண்டுமா?

கேள்வி: டாலஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறோம். எனக்கு 61, கணவருக்கு 66. அவர் ஓய்வு பெற்றுவிட்டார், ஒரு மோட்டார்ஹோம் (படுக்கை, சமையல், கழிப்பறை வசதியோடு ஓட்டிப் போகும் வண்டி) வாங்கலாம் என்று ஆசைப்படுகிறார். முதலில் டெக்சாஸில் இருக்கும் பிக் பெண்ட் தேசியப் பூங்கா போய்ப் பழகிக்கொண்டு, கோடையில் இரண்டு மாதம் சயான், கிளேசியர் பூங்காக்கள் எல்லாம் பார்த்துவிட்டு, சியாட்டிலில் இருக்கும் மகள் வீட்டில் முடிப்பதாகத் திட்டம். கண்காட்சியில் மூன்று பார்த்தோம்: 21 அடி வேன், மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் சேஸியில் (அடிச்சட்டத்தில்) கட்டிய 25½ அடி வண்டி, 28 அடி ஃபோர்டு. பெரியதாக வாங்கி, பின்னால் காரையும் இழுத்துக்கொண்டு போகலாம் என்கிறார் அவர். நானும் ஓட்ட வேண்டுமே என்று எனக்குப் பயமாக இருக்கிறது, முழங்கால் வலியும் உண்டு. எங்களிடம் 2019 ஹோண்டா சி.ஆர்.வி. (ஆல் வீல் டிரைவ்), டெஸ்லா மாடல் ஒய் இரண்டும் இருக்கின்றன. எந்த அளவு வாங்கலாம்? காரை இழுத்துக்கொண்டு போவது நல்லதா?

பதில்: வணக்கம் அம்மா. இந்த வண்டிகளை வாங்குவதற்கு முன் பரிசோதித்துச் சொல்வதுதான் என் வேலை. விற்பனையோடு எனக்குச் சம்பந்தம் இல்லை என்பதால் எந்த அளவைச் சொன்னாலும் எனக்கு லாப நஷ்டம் கிடையாது. கடைக்காரர்கள் முதலில் படுக்கையைக் காட்டுவார்கள், அப்புறம் டிவியைக் காட்டுவார்கள். நான் முதலில் கேட்பது வேறு: ஒரே இடத்தில் எத்தனை ராத்திரி தங்கப் போகிறீர்கள்? ஒரு இடத்தில் ஒரு வாரம், பத்து நாள் என்று இறங்கி உட்காருகிறவர்களுக்குப் பின்னால் ஒரு கார் இருப்பது பெரிய வசதி. வீட்டை நிறுத்திவிட்டுக் காரில் சுற்றலாம். இரண்டு ராத்திரிக்கு ஒருமுறை இடம் மாற்றுகிறவர்களுக்கு அதே கார் சுமைதான், ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட வேண்டும். டெக்சாஸிலிருந்து சியாட்டில் வரை இரண்டு மாதம், வழியில் இத்தனை பூங்காக்கள் என்றால், நீங்கள் இரண்டாவது வகை.

கார் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் உங்களிடம் இருக்கும் இரண்டு கார்களே பாதி முடிவை எடுத்துவிட்டன. காரை இழுக்க மூன்று வழி உண்டு. நான்கு சக்கரமும் தரையில் உருள டோ பார் என்கிற இழுவைக் கம்பியில் மாட்டி இழுப்பது ஒன்று. முன் சக்கரங்களை மட்டும் டாலி என்கிற இரு சக்கர வண்டியில் ஏற்றுவது இன்னொன்று. முழுக் காரையும் டிரெய்லரில் ஏற்றுவது மூன்றாவது. பெரும்பாலோர் விரும்புவது முதல் வழி, ஏனென்றால் முகாமில் கழற்றிய பிறகு டாலியையோ டிரெய்லரையோ எங்கே வைப்பது என்ற தொல்லை இல்லை. ஆனால் எல்லாக் காரும் அதற்கு ஒத்துவராது. 2014 வரை வந்த சி.ஆர்.வி.யை அப்படி இழுக்கலாம், அந்தக் காலத்தில் மோட்டார்ஹோம்காரர்களுக்கு அது செல்லப்பிள்ளை. 2015 முதல் சி.வி.டி. என்ற வேறு வகைத் தானியங்கி கியர்பாக்ஸ் வந்துவிட்டது. எஞ்சின் ஓடாமல் சக்கரம் மட்டும் உருளும்போது கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் சரியாகச் சுழலாது, சூடாகிக் கெட்டுவிடும். உங்கள் 2019 வண்டி இந்தப் பட்டியலில் வருகிறது. ஆல் வீல் டிரைவ் என்பதால் டாலியும் ஆகாது, பின் சக்கரங்களும் கியரோடு இணைந்தவை. டெஸ்லாவில் மோட்டார் சக்கரத்தோடு நேராகப் பிணைந்திருக்கிறது. சக்கரம் உருண்டால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதனால் தரையில் உருட்டி இழுக்கக் கூடாது என்று அந்த நிறுவனமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஆக, இரண்டுக்கும் டிரெய்லர்தான் வழி. இனி எடைக் கணக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்த ஸ்பிரின்டர் வகையில் பொதுவாக மூன்று எண்கள் இருக்கும். வண்டி முழுச் சுமையோடு இருக்கக்கூடிய அதிகபட்ச எடை 11,030 பவுண்டு. வண்டியும் அது இழுப்பதும் சேர்ந்து இருக்கக்கூடிய அதிகபட்சம் 15,250. ஹிட்ச், அதாவது பின்னால் இழுவையை மாட்டும் இணைப்பு, தாங்குவது 5,000. கடையில் சொல்வது இந்த 5,000 மட்டும்தான். முதல் இரண்டையும் கழித்துப் பாருங்கள்: 4,220 பவுண்டு. தண்ணீர், துணிமணி, அரிசி மூட்டை, ஆட்கள் என்று வண்டியை நிரப்பிவிட்டால் நிஜமாக இழுக்க மீதமிருப்பது அவ்வளவுதான். உங்கள் டெஸ்லா மட்டுமே சுமார் 4,400 பவுண்டு. டிரெய்லருக்கு எடையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு இடிக்கிறது. சி.ஆர்.வி. ஏறக்குறைய 3,500, இரும்பு டிரெய்லர் இன்னொரு 1,800 அல்லது 2,000. கூட்டினால் ஹிட்ச்சின் 5,000-ஐயே தாண்டிவிடும்.

28 அடி ஃபோர்டு இ-450 சேஸியாக இருந்தால் கதை வேறு. அதில் வண்டியின் அதிகபட்சம் 14,500, கூட்டு எடை 22,000. முழுச் சுமையிலும் 7,500 மிஞ்சும். ஹிட்ச்சும் அந்த அளவுக்குத் தாங்குவதாக இருந்தால் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது கணக்குப்படி நடக்கும். ஆனால் 28 அடி வண்டிக்குப் பின்னால் காரேற்றிய டிரெய்லர் என்றால் மொத்த நீளம் 50 அடியை ஒட்டி வரும். நீங்கள் ஓட்டப் பயப்படுகிற வண்டி 28 அடி என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

இழுக்கத் தோதான கார் ஒன்றைப் புதிதாக வாங்கலாமே என்று அடுத்த கேள்வி வரும். வாங்கலாம். ஜீப் ராங்ளரை டிரான்ஸ்பர் கேஸை (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பகுதியை) நியூட்ரலில் போட்டு இழுக்கலாம். முகாம்களில் எங்கே பார்த்தாலும் அதுதான் நிற்கும். ஆனால் நான்கு கதவு ராங்ளர் 4,220-ஐ உரசும் எடை, சில மாடல்கள் தாண்டிவிடும். ஃபோர்டு மேவரிக் ஹைப்ரிட் இன்னும் இலகு. எதுவானாலும் அந்த ஆண்டுக்கான கையேட்டில் நான்கு சக்கரமும் தரையில் உருள இழுக்கலாம் என்று அச்சில் இருக்க வேண்டும். விற்பவர் வாயால் சொன்னது போதாது, ஒரே பெயரில் ஒரு வருட வண்டிக்கு அனுமதி இருக்கும், அடுத்த வருடத்துக்கு இருக்காது.

கார் வாங்கியதோடு முடியாது. காரின் முன்பக்கத்தில் பொருத்தும் பேஸ் பிளேட், டோ பார், பின்விளக்குக்கான வயரிங், பாதுகாப்புச் சங்கிலி, காரின் பிரேக்கைத் தானாக மிதிக்கும் துணை பிரேக், கார் கழன்று ஓடினால் அதை நிறுத்தும் பிரேக்அவே சுவிட்ச், எல்லாம் வேண்டும். ஆளை வைத்துப் பொருத்தினால் சாதாரணமாக 3,000 முதல் 5,000 டாலர் வரை ஆகிறது. துணை பிரேக்கைச் சிலர் தவிர்த்துவிடுகிறார்கள், பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேல் இழுத்தால் அது சட்டப்படியே தேவை. சட்டம் கிடக்கட்டும், மலை இறக்கத்தில் 3,500 பவுண்டு பின்னாலிருந்து நெட்டித் தள்ளுவதை ஒருமுறை உணர்ந்தவர்கள் யாரும் அதில் பணம் மிச்சம் பிடிக்க மாட்டார்கள்.

இன்னொன்று, டோ பாரில் மாட்டிய காரோடு பின்னால் எடுக்க முடியாது. கோயில் தேர் மாதிரி முன்னால் மட்டும்தான் நகரும். சில அடிகூடப் பின்னால் தள்ளினால் காரின் முன் சக்கரங்கள் கோணலாகத் திரும்பி டோ பார் வளைந்துவிடும். தவறான பெட்ரோல் பங்கில் நுழைந்துவிட்டாலோ, முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டாலோ, வெயிலானாலும் மழையானாலும் இறங்கிக் கழற்றித்தான் ஆக வேண்டும். அந்த வேலையில் குனிந்து நிமிர்வது அதிகம், உங்கள் முழங்காலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி நீளம். நீங்கள் போக நினைக்கும் இடங்களையே எடுத்துக்கொள்வோம். பிக் பெண்டில் சிசோஸ் பேசினுக்கு ஏறும் சாலை வளைவும் சரிவும் கூடியது. 24 அடிக்கு மேற்பட்ட மோட்டார்ஹோமும், 20 அடிக்கு மேற்பட்ட டிரெய்லரும் வேண்டாம் என்று பூங்காத் துறையே சொல்கிறது. கிளேசியரில் கோயிங் டு த சன் சாலை இன்னும் கண்டிப்பு. அவலாஞ்ச் முகாமுக்கும் ரைசிங் சன்னுக்கும் இடைப்பட்ட மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ இருந்தால் அனுமதி இல்லை. நீளத்தில் பம்பர், பின்னால் மாட்டிய சைக்கிள் ரேக், இழுக்கும் கார் எல்லாம் சேரும். அகலத்தில் பக்கக் கண்ணாடியும் சேரும். பாறை சாலை மேல் நீட்டிக்கொண்டிருப்பதால் 10 அடிக்கு மேல் உயரமிருந்தாலும் சிரமம். ராம் புரோமாஸ்டரில் கட்டிய 21 அடி வேன்கள் உண்மையில் 20 அடி 11 அங்குலம்தான், நீளத்தில் நூலிழையில் தப்பிக்கும். ஆனால் கண்ணாடியை விரித்து அளந்தால் அகலம் 8 அடியைத் தாண்டலாம். ரேக் மாட்டினால் நீளமும் போச்சு. டேப் வைத்து நீங்களே அளந்து பாருங்கள், விளம்பரத்தில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம்.

சயானில் 1930-இல் திறந்த மவுண்ட் கார்மல் சுரங்கப்பாதை இருக்கிறது, ஒரு மைலுக்குச் சற்று அதிகமான நீளம். இத்தனை வருடமாகப் பெரிய வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு, எதிர்த்திசைப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு நடுவில் ஓட்ட விடுவார்கள். 2026 ஜூன் முதல் அந்த ஏற்பாடு இல்லை. 7 அடி 10 அங்குலத்துக்கு மேல் அகலமோ 11 அடி 4 அங்குலத்துக்கு மேல் உயரமோ இருந்தால் வேறு வழியில் சுற்றித்தான் போக வேண்டும். ஃபோர்டு சேஸியில் வரும் வழக்கமான வண்டிகள் அகலத்திலேயே தோற்றுவிடும், அவை 8 அடியைத் தாண்டியவை. ஸ்பிரின்டரில் கட்டிய குறுகலான வண்டிகள் ஏழரை அடி அகலத்தில் வருகின்றன, ஆனாலும் பக்கக் கண்ணாடியையும் சேர்த்து அளந்து பாருங்கள். உயரம் 11 அடியைத் தாண்டும், கூரை ஏசியையும் சேர்த்து அளக்க வேண்டும். வழியில் கலிபோர்னியா பக்கம் இறங்கி செக்கோயாவும் பார்க்கலாம் என்று தோன்றினால், அங்கே ஜெனரல்ஸ் ஹைவேயின் அடிவாரப் பகுதியில் 22 அடிக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். கலிபோர்னியாவில் எதையாவது இழுத்துக்கொண்டு போனால் வேக வரம்பு மணிக்கு 55 மைல் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

சின்ன வண்டியோடு காரையும் சேர்த்தால் என்ன ஆகும்? 25½ அடி வண்டி, 15 அடி கார், நடுவில் டோ பார் நாலு அடி. 45 அடியை நெருங்குகிறது. பெரிய பேருந்து நீளம். சின்னதாக வாங்கியதே எங்கும் சுலபமாக நுழைந்து வரத்தானே?

அப்படியானால் கார் இல்லாமல் எப்படிச் சுற்றுவது? சயான் பள்ளத்தாக்கில் சீசன் நேரத்தில் தனியார் வண்டிகளை உள்ளே விடுவதே இல்லை, 2000-ஆம் ஆண்டிலிருந்து ஷட்டில் பேருந்துதான். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பிலும் இலவசப் பேருந்து ஓடுகிறது. கிளேசியரில் 1930-களின் சிவப்புப் பேருந்துகளைப் புதுப்பித்து இன்னும் ஓட்டுகிறார்கள், கூரையைத் திறந்துவிட்டு மலையைக் காட்டுவார்கள். நீங்கள் இருவரும் ஓட்டும் கவலை இல்லாமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்க்கலாம். முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதை மட்டும் கவனியுங்கள். மற்ற இடங்களில், நாலைந்து நாள் தங்கும்போது மட்டும் பக்கத்து ஊரில் வாடகைக் கார் எடுங்கள். கிளேசியருக்குக் காலிஸ்பெல் இருக்கிறது. டோ சாமான்களுக்குப் போகும் பணத்தில் எத்தனை நாள் வாடகைக் கார் எடுக்கலாம் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். அதற்கு மேல் டோ பாருக்கு ஏற்ற ஒரு மூன்றாவது கார் வேறு.

இனி 21-ஆ, 25½-ஆ? இங்கேதான் எனக்கும் யோசனை. 25½ அடியில் தனிக் குளியலறை, சரியான சமையல் மேடை, உட்கார இடம் எல்லாம் கிடைக்கும். இரண்டு மாதத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை. 21 அடி வேனில் ஒருவர் எழுந்து நடந்தால் இன்னொருவர் உட்கார வேண்டும். கழிப்பறையும் ஷவரும் ஒரே அறை, குளித்த பிறகு எல்லாம் ஈரம். ஈரக் குளியலறை நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை என்றாலும், நடுராத்திரி வழுக்கும் தரையில் கால் வைப்பது முழங்கால் வலிக்கு நல்லதில்லை. குளித்ததும் துடைத்துவிடப் பழக வேண்டும்.

படுக்கையைத்தான் முக்கியமாகப் பாருங்கள். இந்த அளவு வண்டிகள் பலவற்றில் மூலைக் கட்டில், ஒரு பக்கம் சுவர். உள்பக்கம் படுப்பவர் ராத்திரி எழுந்தால் இன்னொருவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். உங்களுக்கு இது வேண்டாம். இருபுறமும் தனித்தனிக் கட்டில் போட்ட அமைப்பைக் கேளுங்கள். வின்னபாகோ நிறுவனத்தின் டிராவாட்டோ வேனில் 59கே என்ற அமைப்பு அப்படித்தான், நடுவில் நடைபாதை, கடைசியில் குளியலறை. கடையில் காட்டும்போது நின்று பார்த்துவிட்டு வராதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு இருவரும் பத்து நிமிடம் படுங்கள், நாலு முறை எழுந்திருங்கள், கழிப்பறைக் கதவைச் சாத்தி உள்ளே உட்காருங்கள். விற்பனையாளர் சிரித்தால் சிரிக்கட்டும். ஏறும் படியின் உயரத்தையும் பாருங்கள், சில வேன்களில் அது முழங்காலுக்கு வதைதான்.

சமையலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பிளேனோவிலிருந்து புறப்படும்போது குக்கர் இல்லாமலா ஏறப் போகிறீர்கள்? வேனில் நல்ல தண்ணீர்த் தொட்டி 20 கேலனை ஒட்டித்தான் இருக்கும், அழுக்குத் தண்ணீர்த் தொட்டியும் சின்னதுதான். அரிசி களைந்து, பருப்பு கழுவி, எண்ணெய்ப் பாத்திரம் துலக்கினால் இரண்டே நாளில் நிறைந்துவிடும். தாளிப்பை வெளி மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே தாளித்தால் புகை அலாரம் அலறும், மெத்தையில் அந்த வாசம் ஊர் திரும்பும் வரை இருக்கும். கிளேசியர் கரடிகள் உலாவும் இடம். அங்கே சமைத்து முடித்ததும் சாப்பாடு, பாத்திரம், அடுப்பு ஒன்றுவிடாமல் உள்ளே எடுத்து வைக்க வேண்டும், அது விதி.

என் முடிவைக் கேட்டால், 21 அடி வேன், தனித்தனிக் கட்டில், பின்னால் கார் வேண்டாம். காரணம் பூங்கா விதிகளைவிட, நீங்களும் ஓட்ட வேண்டும் என்பதுதான். வழியில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால், இன்னொருவர் அந்த வண்டியை மலையிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்த முடிய வேண்டும். 60-ஐத் தாண்டிய தம்பதிகள் எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான். 21 அடி வேன் ஓட்டுவது பெரிய எஸ்.யு.வி. ஓட்டுவதற்குப் பக்கத்தில் வரும். கடை வாசலில் நிறுத்தலாம், சியாட்டிலில் மகள் வீட்டுத் தெருவிலும் நிறுத்தலாம். 25½ அடியில் பின் சக்கரத்துக்குப் பின்னால் உடம்பு நிறைய நீண்டிருக்கும். திரும்பும்போது அந்தப் பின்பகுதி எதிர்ப்பக்கமாக வீசும், பெட்ரோல் பங்க் தூண்களில் நான் பார்க்கும் கீறல்களில் பாதி அதனால் வந்தவை. பழகினால் வரும், பழகத்தான் வேண்டும்.

முடிவு செய்வதற்கு முன் ஒரு நாலைந்து ராத்திரி வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். குரூஸ் அமெரிக்கா என்ற வாடகை நிறுவனத்தில் 25 அடி வண்டி கிடைக்கும். அவுட்டோர்சி, ஆர்.வி.ஷேர் தளங்களில் சொந்தக்காரர்களே வேன்களை வாடகைக்கு விடுகிறார்கள். பாதித் தூரம் நீங்கள் ஓட்டுங்கள். வேனில் மூன்றாம் நாள் இருவருக்கும் மூச்சு முட்டினால், சரி, 25½ அடிக்குப் போங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்போது கிளேசியர் மலைச்சாலைக்குச் சிவப்புப் பேருந்து, சிசோஸ் பேசினுக்கு வாடகைக் கார் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வண்டிக்குப் பின்னாலும் கார் வேண்டாம். 28 அடியைப் பற்றிப் பேச, வருடத்தில் ஆறு மாதம் ஒரே ஊரில் தங்கும் திட்டம் வரும்போது எழுதுங்கள்.

எந்த வண்டியை எடுத்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் கதவருகே ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து எத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் இருக்கும். ஸ்பிரின்டரில் கட்டிய சில வண்டிகளில் அந்த எண் ஆயிரத்தை எட்டுவதே கஷ்டம். நீங்கள் இருவரும் 300 என்று வையுங்கள். தண்ணீர் கேலனுக்கு 8.3 பவுண்டு, 30 கேலன் தொட்டி நிறைந்தால் 250 போய்விடும். மீதியில்தான் உங்கள் மொத்தக் குடித்தனமும். சாமான் ஏற்றிய பிறகு டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்கிற லாரி எடைமேடையில் ஒருமுறை எடை போட்டுவிடுங்கள், செலவு கொஞ்சம்தான்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, அதை இந்த வாரமே செய்யுங்கள். உங்கள் குடியிருப்பின் எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) விதிகளை எடுத்து, வீட்டு முன் டிரைவ்வேயில் ஆர்.வி., அதாவது இந்த மாதிரி வண்டி, நிறுத்தலாமா என்று பாருங்கள். டெக்சாஸ் புறநகர்களில் பல இடங்களில் அனுமதி இல்லை, சில இடங்களில் ஏற்றி இறக்க ஓரிரு நாள் மட்டும் விடுவார்கள். வேன் என்பதால் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். கராஜுக்குள் வைக்கவும் வழியில்லை, வேனின் உயரம் ஒன்பது அடியைத் தாண்டும், சாதாரணக் கராஜ் கதவு ஏழெட்டு அடிதான். அனுமதி இல்லை என்றால் மாத வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டும். அந்த வாடகை பெரும்பாலும் அடிக்கணக்கில்தான் ஏறும், அதையும் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.